மீனுக்கு அம்மை போட்ட சீசன்

திருநெல்வேலியில் இரண்டு நாள் கருத்தரங்கு முடிந்து இலஞ்சிக்குத் திரும்பிய அன்று, எங்கள் முன்னறையில் இருந்த ஐந்து கண்ணாடித் தொட்டிகளிலும் தண்ணீர் மஞ்சளாக நின்றது. தொட்டிகளின் விளிம்பில் வேப்பங்குலை செருகியிருந்தது. அடுப்படியில் தாளித்த வாசனை இல்லை. குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்த நேரம். லாட்ஜில் போர்வை துவைக்கப் போயிருக்க வேண்டிய அம்மா வீட்டில் இருந்தாள்.

"செருப்பை வெளியே விட்டுட்டு, காலைக் கழுவிட்டு வாட்டி," என்றாள். "மீனுக்கு அம்மை போட்டிருக்கு."

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அந்த ஐந்து தொட்டிகள்தான் என் முதுகலைப் படிப்பின் கடைசி ஆண்டு. ஆய்வகத்தில் இடம் போதாமல் வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தேன். அவை வந்த பிறகு முன்னறையில் கட்டிலுக்கு இடமில்லை. அப்பாவும் அம்மாவும் அடுப்படியில் படுத்தார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பா அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். தன் பெயரை மட்டும் எழுதுவார். அம்மாவுக்கு அதுவும் வராது. என் சேர்க்கைப் படிவங்கள் எல்லாவற்றிலும் அவளுடைய கட்டைவிரல் ரேகை இருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சம் வெட்கமும், அந்த ரேகைக்கு மேலே என் பெயர் அச்சில் இருப்பதில் நிறையப் பெருமையும் உண்டு.

என் ஆய்வு எதைப் பற்றியது என்று சொல்லிவிடுகிறேன். சிற்றாற்றின் மேற்பகுதியில், பாறை இடுக்குகளில் விழுந்து ஓடும் தெளிந்த தண்ணீரில் ஒரு சின்ன மீன் இருக்கிறது. விரல் நீளம் இருக்காது. ஆணின் விலாவில் நீலமாக ஒரு கோடு ஓடும். கீழே இலஞ்சி வயல்களுக்குப் பாயும் வாய்க்கால்களில் ஏறக்குறைய அதே சாடையில் இன்னொன்று. அதில் ஆணுக்குச் சிவப்புக் கோடு. ஊரில் இரண்டுக்கும் கெண்டைப்பொடி என்றே பெயர். ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது எங்கள் கணிப்பு. மேலே தங்கியவற்றில் நீரின் இழுப்பைத் தாங்கும் மெலிந்த உடம்பு உள்ளவை பிழைத்தன. கீழே தேங்கிய தண்ணீரில் பருத்தவை பிழைத்தன. சீசனில் வெள்ளம் வரும்போது மேலே உள்ளவை வாய்க்கால் வரைக்கும் அடித்து வரப்படும். அப்போது இரண்டும் ஒரே தண்ணீரில் கிடக்கும். கிடந்தாலும், நீலக்கோட்டு வகைப் பெண் மீன் நீலக்கோட்டு ஆணைத்தான் தேடிப் போகும். சிவப்புக்கோட்டுப் பெண் சிவப்பை. தன் ஆள் யார் என்று அதற்கு எப்படித் தெரிகிறது? இதுதான் என் கேள்வி.

ஒவ்வொரு தொட்டியையும் கொசுவலைத் துணியால் மூன்றாகத் தடுத்திருந்தேன். ஓர் ஓரத்தில் நீலக்கோட்டு ஆண், மறு ஓரத்தில் சிவப்புக்கோட்டு ஆண், நடுவில் ஒரு பெண். பெண் எந்தப் பக்கத்து வலையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடிகாரத்தை வைத்துக் குறித்துக்கொள்வேன். இதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கென்றே பக்கத்து வீட்டு அத்தை வருவாள்.

"இந்தப் பிள்ளை இன்னைக்கு எந்த மாப்ளயப் பாக்குதா?" என்பாள். "மீனுக்கெல்லாம் நல்லாப் பொருத்தம் பாக்குதியட்டி. ஒனக்கு எப்பம் பாக்க?"

அப்பா அவர் பங்குக்கு, "மீனும் சாதி பாக்குதுன்னா கண்டுபிடிச்சிருக்க? இதுக்கா எம்மா அஞ்சு வருசம் படிச்ச?" என்பார். அது சாதி இல்லை, இனம் என்று விளக்கப் போனால் "ரெண்டும் ஒண்ணுதான் போ" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அந்தத் தொட்டிகளில்தான் மஞ்சள் நின்றது.

"யாரைக் கேட்டும்மா இதுல கை வச்ச?"

"நீ போன அன்னைக்கே பாத்தேன். ஒடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையா, முத்து முத்தாப் போட்டிருந்துச்சு. சும்மா கெடக்க மாட்டாம கல்லுல போயி ஒரசுதுக. நீ ரெண்டாங்கிளாஸ் படிக்கையில ஒனக்குப் போட்டப்பம் நீயும் இப்படித்தான் செவத்துல போயி ஒரசின. நான் ராவெல்லாம் வேப்பங்குலையால தடவி விட்டேன்."

மீனுக்கு வருவது அம்மை இல்லை. தோலில் ஒட்டி வாழும் ஒரு நுண்ணுயிர் அது. கல்லுப்பு போட்டாலே இறங்கிவிடும். அம்மா கல்லுப்பும் போட்டிருந்தாள். மஞ்சளை அரைத்து, வடிகட்டி ஊற்றி, வீட்டில் தாளிப்பை நிறுத்தி, கவிச்சி சேர்க்காமல், அம்மை கண்ட வீட்டிலிருந்து நாலு பேர் புழங்கும் இடத்துக்குப் போகக்கூடாது என்று வேலைக்கும் போகாமல் இருந்திருக்கிறாள். சீசனில் லீவு போட்டால் லாட்ஜில் வேறு ஆளை வைத்துவிடுவார்கள். அது அவளுக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டு அத்தை சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "வந்துட்டியா? ஒங்கம்மா நாளைக்கு மீனுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தப் போறாளாம். தண்ணிக்குள்ளேயே கெடக்குததுக்கு எப்படி மதினி தண்ணி ஊத்துவியன்னு கேட்டா, என்கிட்ட கோவிச்சுக்கிடுதா."

அப்பா அப்போதுதான் அருவியிலிருந்து வந்தார். "ஊருல உள்ளவன் மேலெல்லாம் எண்ணெய்யா தேச்சுட்டு வாரேன். என் வீட்டுச் சட்டியில ஒரு சொட்டு எண்ணெய் கெடையாது. மூணு நாளா ரசமும் தொவையலும். மீனு பேரைச் சொல்லி நமக்குல்லா அம்மை போட்டிருக்கு."

அத்தை சிரித்தாள். அம்மாவும் சிரிக்கத் தொடங்கினாள். அந்தச் சிரிப்பில் எனக்குத் தீப்பிடித்தது. கருத்தரங்கில் நான் பெரிய மனிதர்களோடு உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசிவிட்டு வந்திருக்கிறேன். இங்கே என் ஆய்வு ஊர்ச் சிரிப்பாகிவிட்டது என்று தோன்றியது. அத்தை கேட்கும்படியே சொன்னேன்:

"கைநாட்டுன்னா கைநாட்டா இருக்கணும். படிச்சவங்க சாமான்ல எதுக்குக் கை வைக்க?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தபடியே நின்றுவிட்டார். அத்தையின் தலை சுவருக்குக் கீழே இறங்கியது. அம்மா வேப்பங்குலையை ஒவ்வொன்றாக உருவிக் கையில் சேர்த்துக்கொண்டாள்.

"செத்துருமோன்னு பயந்துட்டேன்ட்டி," என்றாள். "ஒண்ணும் சாகல. எண்ணிப் பாத்துக்கோ."

எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் சாகவில்லை. உடம்பில் புள்ளிகளும் இறங்கியிருந்தன.

தண்ணீரை மாற்ற வாளியோடு உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். இரண்டாவது தொட்டியில் நடுவில் இருந்த நீலக்கோட்டுப் பெண், சிவப்புக்கோட்டு ஆணின் பக்கத்து வலையோடு ஒட்டி நின்றது. அந்தப் பெண் அதுவரைக்கும் அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை. நாலாவது தொட்டியிலும் அதே கதை. வாளியை வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். மஞ்சள் தண்ணீரில் நீலம் மங்கிக் கறுப்பாகத் தெரியும். நீலக்கோடு தெரியாவிட்டால் நீலக்கோட்டுப் பெண்ணுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. என் கேள்விக்கு விடை அந்தத் தொட்டிக்குள் கண் முன்னால் நின்றது.

மறுநாள் காலையில் அம்மாவிடம், "மஞ்சளைத் தினமும் அரைச்சு ஊத்தும்மா," என்றேன்.

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். முந்தின நாள் பேசியதற்கு நான் கேட்கும் மன்னிப்பு அது என்று எடுத்துக்கொண்டாள். "மருந்து கேட்டுச்சுல்லா?" என்றாள். நான் "ம்" என்றேன். அந்த ஒற்றை எழுத்தை என்னால் இன்றும் விழுங்க முடியவில்லை. எதற்காகக் கேட்கிறேன் என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். நிறம், கண், அடையாளம் என்று அவளுக்குப் புரியும்படி சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால், கண்டுபிடித்தது அவள் என்று ஆகிவிடும். திட்டிய வாயால் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்றிலிருந்து ஐப்பசி வரைக்கும் தினமும் விடியக்காலையில் அம்மா விரலி மஞ்சளை அம்மியில் அரைத்து, தண்ணீரில் கரைத்து, பழைய சேலைத் துணியில் வடிகட்டி, நான் கைகாட்டியிருந்த மூன்று தொட்டிகளில் ஊற்றிவிட்டு வேலைக்குப் போவாள். லாட்ஜில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதால், வேறொரு லாட்ஜுக்குக் கூடுதல் தூரம் நடந்து போய்க்கொண்டிருந்தாள். அவளே ஊற்றட்டும் என்று நான் விட்டதற்கு ஒரு காரணம் உண்டு. மஞ்சள் பட்டால் விரலும் நகமும் மஞ்சளாகிவிடும். வகுப்பில் யாராவது கேட்பார்கள். நான் எழுந்து வரும்போது தொட்டிகள் தயாராக இருக்கும். நான் பேனாவைத் திறப்பேன்.

"எம்பிள்ளையே என்கிட்ட கேட்டு வாங்குதாக்கும்," என்று அத்தையிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.

ஒரு தொட்டியில் தடுப்பு வலையை எடுத்துவிட்டேன். மஞ்சள் தண்ணீரில் நீலக்கோட்டுப் பெண்ணும் சிவப்புக்கோட்டு ஆணும் ஜோடி சேர்ந்து, நான் போட்டு வைத்திருந்த தேங்காய் நாரில் முட்டையிட்டன. குஞ்சுகள் பொரிந்தன. அவற்றைத் தனியே ஒரு சிமெண்டுத் தொட்டியில் வளர்த்தேன். வளர்த்தேன் என்று எழுதுவது பழக்கதோஷம், தீனி போட்டது அம்மா. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கசக்கிப் பிழிந்து ஊற்றுவாள்.

தை மாதம் அவை பெரிதாயின. ஆண்களுக்குக் கோடு இருந்தது, ஆனால் நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை, அழுக்கு ஊதா. உடம்பும் அப்படித்தான், மெலிவும் இல்லை பருமனும் இல்லை. தெளிந்த தண்ணீரில் அவற்றை வைத்து, நடுவில் பெண்களை விட்டேன். நீலக்கோட்டுப் பெண் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. சிவப்புக்கோட்டுப் பெண்ணும் பார்க்கவில்லை. அந்த ஆண்கள் வலையோரத்தில் மேலும் கீழுமாக நீந்திக்கொண்டே இருந்தன.

"பாவம்ட்டி," என்றாள் அம்மா. "இவனுவளுக்கு ஒருத்தியும் வரமாட்டேங்காளே."

அந்தப் பாவத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஆள் மாறிப் போன பெண்ணுக்குப் பிள்ளைகள் பிறக்கும். அந்தப் பிள்ளைகள் மேல் தண்ணீரின் இழுப்பையும் தாங்காது, கீழ் வாய்க்காலிலும் மற்றவற்றோடு போட்டி போட முடியாது, ஜோடியும் கிடைக்காது. அதோடு அந்த வழி நின்றுபோகும். சரியான ஆளைத் தேர்ந்த பெண்ணின் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்குத் தாயின் தேர்வும் கூடவே வரும். இப்படியே தலைமுறை தலைமுறையாக, தடுமாறியவை உதிர்ந்துபோக, தடுமாறாதவை மிஞ்சுகின்றன. யாரும் அவற்றுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளமும் ஒரு சல்லடைபோல வேலை செய்திருக்கிறது. வெள்ளம் கலக்காத தொலைவில், சிவப்புக்கோடு மட்டுமே இருக்கும் ஒரு குளத்திலிருந்து பெண்களைக் கொண்டுவந்தும் பார்த்தேன். அவை நீலத்திடமும் போயின, சிவப்பிடமும் போயின. தவறு செய்ய வாய்ப்பே இல்லாத இடத்தில் கூர்மை தேவைப்படவில்லை. இரண்டும் சந்திக்கும் இலஞ்சி வாய்க்காலில்தான் பெண்கள் மிகவும் கறாராக இருந்தன. சந்திக்கச் சந்திக்கத்தான் இரண்டும் விலகி, ஒருநாள் இரண்டு இனமாகின்றன. இதை எழுதும்போது இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. இந்தப் பகுதி உண்மை. இதில் நான் எதையும் மறைக்கவில்லை.

மறைத்தது வேறு இடத்தில்.

என் வழிகாட்டி மேடம் வரைவைப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்கள். "மஞ்சளுக்கு நிறம் மட்டுமில்ல, வாசனையும் இருக்கு. மீன் கண்ணால மட்டுமா ஆள் பார்க்குது, மூக்காலயும் பார்க்கும். உன் தடுப்பு கொசுவலை. வாசனை தாராளமா போகும். அதை விலக்கிட்டியா?"

நான் விலக்கியிருந்தேன். கடையில் வாங்கிய மஞ்சள்தூளை நிறம் தெரியாத அளவுக்கு ஒரு சிட்டிகை கரைத்துப் பார்த்திருந்தேன். பெண்கள் சரியான ஆளிடமே போயின. ஆக, வாசனை காரணமில்லை, நிறம்தான் என்றேன். மேடம் தலையசைத்தார்கள். பிறகு, "எப்படிம்மா தோணிச்சு இந்த மஞ்சள் ஐடியா?" என்று கேட்டார்கள்.

"சீசன்ல ஆத்துத் தண்ணி கலங்கும்லா மேடம். மீனுக்குக் கெடுதல் இல்லாம தண்ணியோட நிறத்தை மாத்த வீட்டுல என்ன இருக்குன்னு யோசிச்சேன்."

இந்தப் பொய் தானாக வந்தது. நான் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. அவ்வளவு சுலபமாக வந்ததுதான் எனக்குப் பிறகு பயமாக இருந்தது.

பங்குனியில் துறை விழா. என் ஆய்வுக்கு முதல் பரிசு. பெற்றோரை அழைத்து வரச் சொன்னார்கள். அப்பா கூச்சப்பட்டு வரவில்லை. அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு தென்காசியில் என் கல்லூரிக்கு வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நான் ஆங்கிலத்தில் பேசினேன். திரையில் மஞ்சள் தொட்டியின் படம் வந்ததும் அவள் பக்கத்து இருக்கைப் பெண்ணின் கையைத் தொட்டு, "எங்க வீட்டுத் தொட்டிதான்," என்று சொல்வது மேடையிலிருந்தே எனக்குத் தெரிந்தது.

முடிந்ததும் மேடம் அம்மாவிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். "உங்க பொண்ணு ரொம்பக் கெட்டிக்காரிம்மா. மஞ்சளைக் கலக்கித் தண்ணி நிறத்தை மாத்தணும்னு அவளா யோசிச்சிருக்கா பாருங்க. எங்களுக்கே தோணல. இதை வெளியில ஒரு ஆய்விதழுக்கு அனுப்பப் போறோம். முனைவர் பட்டத்துக்கு நானே எடுத்துக்கறேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்த நேரத்தில் பானையில் சோறு இருக்கிறதா என்று கண்ணாலேயே கேட்பாளே, அப்படிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமா மேடம்," என்றாள் அம்மா. "எல்லாம் அவ அறிவுதான். நமக்கு என்ன தெரியும்."

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்பம் அந்த மஞ்சள் மருந்துக்கு இல்லியா?"

"இல்லம்மா. தண்ணி நிறம் மாறணும்னு."

"மீனுக்கு நோவு அப்பமே போயிட்டா?"

"அப்பமே போயிட்டு."

"நான் இன்னும் உள்ளுக்குள்ள இருக்குன்னுல்லா நெனச்சேன். ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லாட்டி. ஒனக்குப் படிப்புக்கு வேணும்னா அரைச்சுத் தரமாட்டேன்னா சொல்லப் போறேன்? வேப்பங்கொழுந்தைப் பறிக்கத் தெனமும் இருட்டோட அந்த மேட்டு வீட்டுக் காம்பவுண்டு வரைக்கும் போயிட்டு வந்தது மிஞ்சியிருக்கும்."

"எந்த வேப்பங்கொழுந்து?"

"மஞ்சளோட வச்சு அரைச்சது. என்னட்டி கேக்க? அம்மைக்கு வெறும் மஞ்சளையா ஊத்துவாக?"

பஸ் இலஞ்சியில் நின்றது. அவள் இறங்கிவிட்டாள். நடத்துநர் அதட்டிய பிறகுதான் நான் எழுந்தேன்.

மூன்று மாதம், ஒவ்வொரு நாளும், அந்தத் தொட்டிகளில் இருந்தது மஞ்சள் மட்டுமல்ல. கைப்பும் நெடியும் உள்ள வேப்பங்கொழுந்தின் சாறும் இருந்திருக்கிறது. நான் சிட்டிகை போட்டுச் சோதித்தது கடைத்தூளை. அதில் வேம்பு இல்லை. நீலக்கோடு கண்ணுக்குத் தெரியாமல் போனதால் பெண்கள் தடுமாறினவா, வேப்ப நெடியில் ஆணின் வாசனை தெரியாமல் போனதால் தடுமாறினவா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. நிறம்தான், நிறம் மட்டும்தான் என்று நான் எழுதியிருந்தேன். பரிசும் வாங்கிவிட்டேன். எதற்கு என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வேப்பங்கொழுந்தைச் சேர்த்திருக்க மாட்டாள். தொட்டியில் கரைந்த பிறகு மஞ்சள் நெடிதான் எனக்குத் தெரிந்தது, ஒரு நாளாவது அம்மிப் பக்கம் போய் நின்றிருந்தால் வேம்பின் வாசனை தெரிந்திருக்கும்.

அடுத்த நாலைந்து நாள் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கட்டுரை மேடத்தின் மேசையில் இருந்தது. வேப்பங்கொழுந்தைப் பற்றித் தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான். கட்டுரையில் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று அவளால் படிக்க முடியாது. இந்த எண்ணம் எனக்கு வந்தது. வந்தது மட்டுமில்லை, வந்தபோது நிம்மதியாகவும் இருந்தது. என் அம்மாவுக்கு எழுத்து தெரியாததில் நான் நிம்மதி அடைந்தேன் என்பதை எழுதாமல் இந்த நினைவுக் குறிப்பை முடிக்கக்கூடாது என்றுதான் இதைத் தொடங்கினேன்.

திங்கட்கிழமை காலையில் மேடத்தின் அறைக்குப் போனேன். அம்மை, உப்பு, வேம்பு, கைநாட்டு என்று நான் பேசியது, யோசனை என்னுடையது என்று சொன்னது, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். மேடம் கடைசியில் ஒன்றுதான் கேட்டார்கள்.

"அன்னைக்கு உங்க அம்மாவை வச்சுக்கிட்டே நான் உன்னைப் பாராட்டினேனே. அது பொய்னு அவங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும் மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்கள். கட்டுரையை என் பக்கம் தள்ளினார்கள். "இது போகாது. பரிசைப் பத்தித் துறையில நான் பேசணும். முனைவர் பட்டத்துக்கு இந்த வருஷம் உன்னை எடுக்க முடியாது. தொட்டியை எல்லாம் திரும்ப வை. நிறம் தனியா, வேம்பு தனியா. பார்த்துட்டு வா."

வைத்தேன். சில தொட்டிகளைச் சுற்றி மஞ்சள் கண்ணாடித்தாளை ஒட்டினேன். தண்ணீருக்குள் நிறம் மட்டும் போகும், வாசனை போகாது. சில தொட்டிகளில் வேப்பஞ்சாறு மட்டும். அம்மாவிடம், இந்தமுறை எதற்கு என்று ஆதியோடந்தமாகச் சொல்லி, அரைத்துத் தருகிறாயா என்று கேட்டேன். "அம்மி அங்கனதான் கெடக்கு," என்றாள். நானே அரைத்தேன். குழவி பிடிக்கத் தெரியாமல் விரல் நசுங்கியது. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். "எம்மாடி, படிச்சவ அரைக்குத லெச்சணத்தைப் பாரு. அந்த வேகத்துக்கு மீனு கெழவியாயிரும்," என்றாள். அத்தை சுவருக்கு அந்தப் பக்கம் சிரித்தாள். இந்தமுறை நானும் சிரித்தேன்.

மஞ்சள் தாள் ஒட்டிய தொட்டிகளில் பெண்கள் கொஞ்சம் தயங்கின. ஆனால் பெரும்பாலும் தங்கள் ஆளிடமே போயின. வேப்பஞ்சாறு கலந்த தொட்டிகளில்தான், நீலக்கோடு பளிச்சென்று தெரிந்தபோதும், நிறையத் தடுமாறின. அந்த மீன் கண்ணைவிட மூக்கை நம்புகிறது. வெள்ளம் சலித்துச் சலித்துக் கூர்மையாக்கியது இரண்டையும். எது எவ்வளவு என்று இப்போதுதான் கொஞ்சம் தெரிகிறது. நான் பரிசு வாங்கிய முடிவு பாதிக்கு மேல் தவறு.

முடிவுகளை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன். நீண்ட நேரம் படித்தார்கள். "இது முன்னதைவிட நல்லா இருக்கு," என்றார்கள். கட்டுரையில் முதல் கவனிப்பு எப்படி நடந்தது என்பதை உள்ளபடி எழுதச் சொன்னார்கள். அம்மாவை ஒருநாள் துறைக்குக் கூட்டிவரும்படியும், தன் கையால் காப்பி போட்டுத் தர வேண்டும் என்றும் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் சாரல் விட்டிருந்தது. அம்மா கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். லாட்ஜில் நாளெல்லாம் போர்வை உதறிவிட்டு வந்து வீட்டிலும் அதே வேலை. நான் ஒரு முனையைப் பிடித்தபடி மேடம் அழைத்ததைச் சொன்னேன்.

"நான் வரலட்டி."

"அவங்களே கூப்பிடுதாங்கம்மா. எல்லாம் சொல்லிட்டேன். ஒன்னயத்தான் பாக்கணுங்காங்க."

"அதான் வரலங்கேன். அன்னைக்கு என் கையைப் பிடிச்சுக் கேட்டாங்க. எல்லாம் அவ அறிவுன்னு நான் சொன்னேன். தெரியாமலா சொன்னேன்? தெரிஞ்சுதான் சொன்னேன். அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"பொய் சொன்னது நான்தானம்மா. அதைப் போயிச் சொல்லிட்டேன்லா."

அம்மா போர்வையை இழுத்துச் சுருக்கம் எடுத்தாள்.

"நீ சொன்னதை நீ போயி அழிச்சிட்டு வந்துட்ட. நான் சொன்னது அங்கனயேல்லா கெடக்கு."

அம்மா எப்போது வருவாள் என்று மேடம் இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். சீசன் நேரம், அம்மாவுக்கு வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.